தெரியாததற்கு ஒரு நிறம்

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். எங்கள் தெருவில் இப்போதைக்கு அதையே சுகம் என்று சொல்கிறார்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே 'ம், சொல்லுங்கப்பா' என்கிறாய். நானும் பாதியில் குரலை உயர்த்திவிடுகிறேன். பிறகு உன் அம்மா போனைப் பிடுங்கி, 'சாப்டியா' என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறாள். தவிர, நம் வீட்டில் கூடத்தில் பேசினால் சமையலறைவரை கேட்கும். நான் சொல்ல வந்தது பெரியவளைப் பற்றியது. அவள் காதில் விழ வேண்டாம்.

நீயும் அக்காவும் பேசிக்கொள்வதில்லை என்று தெரியும். அவள் சொல்லவில்லை. சமீபகாலம்வரை உன்னை 'நம்ம தொரை' என்று கேலி செய்துகொண்டிருந்தவள், இப்போது 'தலைமை அலுவலகம்' என்கிறாள். 'தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பிடுச்சு', 'தலைமை அலுவலகத்துக்குப் புரியல'. கூடப் பிறந்தவனைக் கட்டடமாக்கிவிட்டாள் என்றால் சண்டை சின்னதாக இருக்காது.

விஷயத்தை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தியவன், என் தாளை நீ திருத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன தடவை வந்தபோது, சுகாதாரத் துறைக்காக நீ போட்ட அந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் திறந்து காட்டினாயே, நினைவிருக்கிறதா? எல்லா ஊர்களும் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தன. பச்சை என்றால் டெங்கு இல்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் ஆபத்து. உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'நம்ம வீடு எங்கடா?' என்றாள். 'வீடெல்லாம் தெரியாதும்மா, வட்டாரம்தான் தெரியும்' என்றாய். 'வீடே தெரியல, அப்புறம் என்ன படம் போட்ட?' என்று அவள் எழுந்து போய்விட்டாள். ஆனால் அன்று மாலை எதிர்வீட்டுத் தையல்காரரிடம், 'என் பையன் ஒரு படம் போட்டிருக்கான், அதைப் பார்த்துத்தான் ஊர் ஊரா கொசுப்புகை அடிக்கிற வண்டி போகுதாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் பெருமைதான். வீட்டுக்குள் இருந்துகொண்டே கேட்டேன்.

இப்போது அக்காவின் வேலையைச் சொல்கிறேன். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் டெங்கு சந்தேகத்தோடு யார் சேர்ந்தாலும் அவள் அலுவலகம் பதிய வேண்டும். வயது, தெரு, காய்ச்சல் தொடங்கிய நாள். ரத்தம் மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். அங்கிருந்து முடிவு எண் வந்து, அந்த எண்ணை அவள் ஏற்றிய பிறகுதான் அந்த நோயாளி உன் படத்தில் ஒரு புள்ளியாவார். எண் வரும்வரை அவர் 'நிலுவை'. நிலுவையில் இருப்பவர் படத்தில் தெரியமாட்டார். இதுவரை சரியா?

சரி என்றால் கேள். பரிசோதனைக் கூடத்தில் சோதனைப் பொருள் தீர்ந்துபோயிருக்கிறது. இவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லையாம். அக்கா பனிக்கட்டிப் பெட்டியில் ரத்தக் குழாய்களை வைத்துத் தானே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனாள். கொண்டுபோன பெட்டியோடு அப்படியே திரும்பி வந்தாள். 'வாங்கி வைக்க ஃபிரிட்ஜ்லயும் இடமில்லையாம்ப்பா' என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஆக, முடிவு எண் வருவது நின்றுவிட்டது. புதுப் புள்ளிகள் நின்றன. மஞ்சளாக இருந்த நம் ஊர் பச்சையாகிவிட்டது. பச்சையானதும் கொசுப்புகை வண்டியை வேறு ஊருக்கு அழைத்துக்கொண்டார்கள். கூடுதலாக வந்த நர்ஸுகளும் போய்விட்டார்கள்.

நோய் பெருகப் பெருகப் பரிசோதனைக் கூடம் திணறுகிறது. அது திணறத் திணற உன் படம் பச்சையாகிறது. இதைத்தான் அவள் உன்னிடம் போனில் கத்தினாள் என்று நினைக்கிறேன். நான் மாடிப்படியில் இருந்தேன். 'பச்சையா இருக்குன்னு சொல்றியே, இங்க என்ன தோட்டமாடா போட்டிருக்கோம்? வந்து பாரு, ஒரு கட்டில்ல ரெண்டு பேரு!' என்றாள். நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் போனை மேசையில் வைத்த விதத்தில் தெரிந்தது.

அவள் கோபத்தில் கூட்டிச் சொல்வாளோ என்று எனக்கும் ஒரு சந்தேகம். அதனால் நேற்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட்டித்தான் சொல்கிறாள் என்று எழுத ஆசையாக இருந்தது. முடியவில்லை. நடைபாதையில் இரண்டு பக்கமும் கட்டில்கள். சுவரில் ஆணி அடித்து அதில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடிக்கக் கூடாதென்று ஒவ்வொரு கட்டிலுக்கும் வலை கட்ட வேண்டுமாம். வலை இருந்த கட்டில்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் ஓரமாக நின்றேன். வயதான நர்ஸம்மா ஒருவர், 'சார், நின்னா நீங்க கூட்டம், உக்காந்தா நீங்க நோயாளி. எதுன்னு முடிவு பண்ணுங்க, எனக்கு வழி வேணும்' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கட்டிலில் கிடந்தவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அங்கே ஒரு கட்டிலில் நம் எதிர்வீட்டுத் தையல்காரர் இருந்தார். அவரும் நிலுவைதான். என்னைப் பார்த்ததும், 'சார், சின்னத் தம்பிக்கு முதல் வேலைக்குச் சட்டை தைச்சேனே, கை கொஞ்சம் நீளம்னு சொன்னாப்ல. இன்னும் போடுறாப்லயா?' என்றார். போடுகிறாய் என்று சொல்லிவைத்தேன். அடுத்த முறை வரும்போது போட்டுக்கொண்டு வா. என்னைப் பொய்யனாக்காதே.

நீ ஏன் அந்த விதியை வைத்தாய் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் முடிவு வருமுன்னரே சந்தேகக் கணக்கை வைத்து ஒரு ஊரைச் சிவப்பாக்கினாய். பிறகு அது சாதாரணச் சளிக் காய்ச்சல் என்றார்கள். அதற்குள் அந்த ஊரில் கடைகளை மூடி, பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். பத்திரிகையில் கேலிச்சித்திரம் வந்தது. உன் மேலதிகாரி எல்லார் முன்னாலும் உன்னை நிற்க வைத்துக் கேட்டார். நீ இங்கே வந்து, சரியாகச் சாப்பிடாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே விடுமுறையைக் கழித்தாய். சூடுபட்டவன் உறுதியானதை மட்டும்தான் காட்டுவேன் என்கிறான். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று யோசி. மதிப்பெண் பட்டியலில் நாங்கள் எப்படிப் போடுவோம்? தேர்வெழுதி ஒன்றும் வாங்காதவனுக்குச் சுழி. தேர்வுக்கே வராதவனுக்குக் கோடு. எழுதியும் தாள் இன்னும் திருத்தப்படவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடுவோம். அந்த வெறுமையான கட்டத்தைப் பார்த்தால் தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்பார், 'இந்தத் தாள் எங்கே?' என்று. யாராவது அங்கே சுழி போட்டுவிட்டால்? யாரும் கேட்கமாட்டார்கள். தாளும் எங்காவது கட்டுக்குள் கிடந்து போகும்.

உன் படத்தில் நோய் இல்லாத ஊருக்கும் பச்சை. முடிவு வராத ஊருக்கும் அதே பச்சை. நீ எங்களைச் சிவப்பாக்க வேண்டாம். 'எங்களுக்குத் தெரியாது, முடிவு வரவில்லை' என்பதற்கு ஒரு நிறம் கொடு. சாம்பலோ, ஊதாவோ, உனக்குப் பிடித்தது. அதைப் பார்க்கிறவர்கள் கேட்கட்டும், 'இந்தத் தாள் எங்கே?' என்று.

உன் அம்மா தெருவில் வீடு வீடாகப் போய்ப் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. அவளைக் கண்டதும் தண்ணீர்த் தொட்டியை மூடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள். அது பகலில் கடிக்கிற கொசு, நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது என்பதைத் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூடப் பாடமாகச் சொல்கின்றன.

அக்காவுக்கு நீயே ஒரு போன் செய். உத்தியோகம் பேச வேண்டாம். சும்மா திட்டு வாங்கிக்கொள்.

எப்போதும் உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா.


அடுத்த வியாழக்கிழமை

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிட்ட பொருள் கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று தொடங்கியிருக்கிறாய். பெற்ற அப்பனை 'தாங்கள்' என்று எழுதுகிற பிள்ளை இந்தத் தெருவிலேயே நீ ஒருவன்தான். உன் அம்மாவிடம் காட்டினேன். 'கீழே முத்திரை குத்தியிருக்கானா பாருங்க' என்றாள். சிரித்தோம். பிறகு அவள் அந்தக் காகிதத்தை இன்னொரு முறை வாங்கி, உன் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய். விதியில் மேலதிகாரி கையெழுத்திட்டிருக்கிறார். இன்னொரு முறை தவறு நேர்ந்தால் அந்தப் பிரிவையே உன்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். புது நிறம் சேர்த்தால் பத்திரிகைக்காரர்கள் அதையும் சிவப்பின் தங்கை என்றுதான் எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, உறுதி செய்யப்படாதது தரவே ஆகாது. இவை உன் நான்கு காரணங்கள். முதல் மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அவை உன் மேசையின் கஷ்டங்கள். அந்த மேசையில் நான் உட்கார்ந்ததில்லை. நான்காவதுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தையல்காரர் போய்விட்டார்.

எப்படி என்று சொல்கிறேன், அதைத் தெரிந்துகொள்வது உன் வேலைக்கும் உதவும். அவருக்குக் காய்ச்சல் இறங்கியது. நெற்றி குளிர்ந்தது. இனி என்ன, வீட்டுக்குப் போகிறேன் என்றார். கட்டிலுக்கு இன்னொருவர் காத்திருந்தார். கூடுதல் நர்ஸுகள் இருந்திருந்தால் யாராவது ஒருவர், இந்த நோயில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம், இப்போதுதான் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று பிடித்து நிறுத்தியிருப்பார்கள். அந்த நர்ஸம்மா வேறு வார்டில் இருந்தாராம். 'நான் அங்க இருந்திருந்தா அந்த மனுஷன் சட்டையைப் பிடிச்சு உக்கார வச்சிருப்பேன்' என்று அக்காவிடம் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்தவர் மெஷினில் உட்கார்ந்தார். சத்தம் கேட்டது. உன் அம்மா ஜன்னலிலிருந்து, 'வந்த அன்னைக்கே என்ன அவசரம், மெஷின் ஓடியா போயிடும்?' என்று கேட்டாள். 'வயிறு லேசா வலிக்குதும்மா, வேலையில இருந்தா மறந்துடும்' என்றார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. நாங்கள் நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தோம்.

உன் அம்மா அன்றிலிருந்து அந்த ஜன்னலைத் திறப்பதில்லை.

காய்ச்சல் இறங்கியதைக் குணம் என்று எண்ணினார் அந்த மனுஷர். படிக்காதவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊர் பச்சையானதைக் குணம் என்று எண்ணியவர்கள் எல்லாரும் படித்தவர்கள். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மூன்றாம் நாள் அவர் மனைவி நம் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. 'சார், உங்க மகன் படத்துல எங்க வீட்டுக்காரர் இருக்காரா?' என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, 'உங்க வீட்டம்மா சொன்னாங்களே, அதைப் பார்த்துத்தான் வண்டி வரும்னு. இவர் போனது அதுல வந்துடுச்சுன்னா, மத்தவங்களுக்காவது வண்டி வந்துடும்ல' என்றார்.

அக்கா அறையிலிருந்து வெளியே வந்தாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'இன்னும் வரலைக்கா' என்றாள். 'எப்ப வரும்?' 'ரத்தம் இங்க ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ்ல இருக்கு. சோதனை பண்ணினா வந்துடும்.' அந்த அம்மா யோசித்தார். 'அவரு அங்க இன்னும் காத்திருக்காரா?' என்றார். பிறகு போய்விட்டார்.

உறுதி செய்யப்படாதது தரவே ஆகாது என்கிறாய். சரி, தரவு ஆகாது. அவர் ரத்தம் குழாயில் இருக்கிறது, அவர் மெஷின் மேல் பாதி தைத்த துணி இருக்கிறது, அவர் மட்டும் எங்கும் இல்லை. தரவு ஆகாததற்கு நீ என்ன பெயர் வைத்தாலும் வை. ஆனால் அதற்குச் 'சுகம்' என்ற நிறத்தை அடிக்காதே. அவ்வளவுதான் கேட்கிறேன். உன் மேலதிகாரியிடம் இதையே கேள். தெரியாது என்று சொல்வதற்கு அவர் பயப்பட்டால், பச்சை என்று சொன்னது நாளைக்குப் பொய்யானால் எவ்வளவு பயப்பட வேண்டியிருக்கும் என்று கேள். உனக்கு வார்த்தை வரும். சின்ன வயதில் ஒரு கணக்குக்கு என்னிடமே வாதாடி அரை மதிப்பெண் பிடுங்கியவன் நீ.

நிறைய எழுதிவிட்டேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கண்ணாடி பழசாகிவிட்டது, வெளிச்சம் கண்ணில் குத்துகிறது. முழங்கை, முதுகு எல்லாம் யாரோ பிரித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. நேற்று நானும் உன் அம்மாவோடு தொட்டிகளைக் கவிழ்க்கப் போனேன், அந்த வேலை பழக்கமில்லை, அதுவாகத்தான் இருக்கும். நீ அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

குழந்தைக்குப் பகலிலும் வலை கட்டு. மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்.

அன்போடும், வழக்கமான பிடிவாதத்தோடும்,
அப்பா.


செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி

சின்னவனே,

இந்தக் கடிதத்தைப் படுத்துக்கொண்டும் உட்கார்ந்துகொண்டும் எழுதுகிறேன். கீழே வைத்து எழுத அந்த நர்ஸம்மா ஒரு எக்ஸ்ரே அட்டை கொடுத்தார். 'சார், அன்னைக்கு முடிவு பண்ணச் சொன்னேன், பண்ணிட்டீங்க' என்றார். இன்றைக்கும் அவர் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு வலை கட்டியிருக்கிறார்.

போன கடிதம் எழுதியபோதே எனக்குக் காய்ச்சல். தொட்டிகளைக் கவிழ்த்த வலி என்று எழுதியது உனக்கு மட்டும் சொன்னதில்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

நீ போன் செய்தாய் என்று தெரியும். ஒவ்வொரு முறையும் உன் அம்மா 'அப்பா குளிக்கிறார்' என்றாளாம். ஒரே நாளில் மூன்று முறை குளிக்கிற ஆளா நான்? உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவளைக் கோபிக்காதே. நான்தான் வாயை அடைத்தேன். அதற்காக அவள் என்னைத் திட்டிய திட்டை இந்த வார்டே கேட்டது. 'பெத்த பிள்ளைகிட்ட மறைக்கணுமாம். அவன் என்ன பரீட்சையா எழுதிட்டிருக்கான், தொந்தரவு பண்ணாம இருக்க?' என்றாள். ஆமாம், எழுதிக்கொண்டிருக்கிறான் என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. உனக்குப் புரியும்.

என்னைப் பதிவு செய்தது அக்காதான். வேறு யாரையாவது செய்யச் சொல்லு என்றேன். 'ஏன், உங்களுக்குத் தனி வரிசையா?' என்று கேட்டுவிட்டு என் கட்டில் அருகிலேயே நின்று தட்டினாள். வயது கேட்டாள். தெருவைக் கேட்டாள். தான் பிறந்து வளர்ந்த தெருவின் பெயரை என்னிடம் கேட்டு எழுதினாள். காய்ச்சல் தொடங்கிய நாள் கேட்டபோது நான் கொஞ்சம் இழுத்தேன். 'உண்மையைச் சொல்லுங்கப்பா, இது அம்மாகிட்ட சொல்றது இல்ல' என்றாள். கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். முடிவு எண். அங்கே விரல் நின்றது. அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. உன் படத்தில் அப்பா இல்லை.

பிறகுதான் அவள் உடைந்தாள். 'நான் இப்பவே அவனுக்குப் போன் போடுறேன். அப்பா படுத்திருக்கார்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், சாயங்காலத்துக்குள்ள நிறம் மாறிடும்' என்றாள். நான் கூடாது என்றேன். 'தையல்காரருக்காக மாத்தாதவன் உங்களுக்காக மாத்துவான், அது உங்களுக்கு அவமானமா இருக்கா?' என்று கேட்டாள். கடுமையான கேள்வி. என் மகளல்லவா.

அவமானம் இல்லை. ஒரு பையன் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். பக்கத்தில் அப்பா நின்று கண்ணைக் காட்டுகிறார் என்பதற்காகப் போட்டால் விடை சரியாக இருக்கலாம், ஆனால் அடுத்த கணக்கில் அவன் யார் கண்ணைப் பார்ப்பான்? நீ எனக்காக நிறத்தை மாற்றினால், உன் மேலதிகாரி ஒரே வரியில் அதைப் பழையபடி ஆக்கிவிடுவார்: 'அப்பா படுத்துவிட்டார், பையன் பயந்துவிட்டான்.' அதோடு போயிற்று. உன் படத்தில் உன் அப்பா இல்லாத ஊர்கள்தான் அதிகம். அவற்றுக்கும் சேர்த்து நீ யோசிக்க வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

அதனால் இந்தக் கடிதத்துக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். எழுதி முடித்து அக்காவிடம் கொடுப்பேன். அவள் தினமும் காலையில் உன் படத்தைத் திறந்து பார்க்கிறாள். நம் ஊர்க் கட்டம் பச்சையிலிருந்து வேறு எதுவாகவாவது மாறுகிற அன்றுதான் இதைத் தபாலில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால் கூடாது. எனக்கு என்ன ஆனாலும் கூடாது. அவள் சத்தியம் செய்யமாட்டேன் என்றாள். பிறகு சரி என்றாள். அவள் சரி என்று சொன்னால் போதும் என்று உனக்கும் தெரியும்.

இன்று காலை எனக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

உன் அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, 'குளிர்ந்துடுச்சு, குளிர்ந்துடுச்சு' என்று பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் சொன்னாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. ஜன்னல் பக்கம் நின்றிருந்த அக்காவை நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் போய் நர்ஸம்மாவை அழைத்து வந்தாள். அந்த அம்மா உன் அம்மாவிடம், 'சந்தோஷப்படுங்க, ஆனா இந்த மனுஷன் வீட்டுக்குப் போறேன்னு சொன்னா என்கிட்ட சொல்லுங்க, காலைக் கட்டிப் போடுறேன்' என்றார். உன் அம்மா அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். தையல்காரரின் விவரம் முழுக்க அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரிப்பு நின்றது. யாரும் சொல்லாமலே கணக்குப் போட்டுவிட்டாள். இப்போது என் காலடியில் உட்கார்ந்து, 'வயிறு வலிக்குதா, வயிறு வலிக்குதா' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இல்லை என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்.

வலி கொஞ்சம் இருக்கிறது. நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் நான் மறைக்க மாட்டேன், பார்த்தாயா. தையல்காரர் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது.

இந்தக் காகிதம் உன் கையில் இருக்கிறது என்றால் நிறம் மாறிவிட்டது. எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்து இல்லை, நீயாக மாற்றினாய். சாம்பலா, ஊதாவா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் நல்ல நிறம்தான். அதற்காக உன்னை மேசையிலிருந்து எழுப்பினார்களா, எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார்களா, அதுவும் எனக்குத் தெரியாது. நிற்க வைத்திருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தத் தாளுக்கு நான் மதிப்பெண் போடப்போவதில்லை. அப்பாவுக்கு மனசு நிறைந்தது என்று மட்டும் எழுதிவைக்கிறேன், முன்கூட்டியே.

எதிர்வீட்டு அம்மாவிடம் அந்தச் செய்தியை நீயே நேரில் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம். 'வந்துவிட்டார்' என்று சொல்லாதே, இன்னும் வரவில்லை. 'அவரைக் காத்திருக்க வைத்திருக்கிறோம் என்று எல்லாருக்கும் இப்போது தெரியும்' என்று சொல். அவர் புரிந்துகொள்வார்.

அக்காவிடம் பேசு. அவள் முதலில் கத்துவாள். கத்தி முடிக்கட்டும். நடுவில் காரணம் சொல்லாதே. முடித்ததும் 'சாப்பிட்டியாடா' என்று கேட்பாள், அது உன் அம்மாவிடமிருந்து வந்தது. அப்போது பேசு. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இனி தலைமை அலுவலகம் என்று ஒரு கட்டடம் நிற்கக் கூடாது.

குழந்தையை மருமகளிடம் விட்டுவிட்டு நீ மட்டும் வா. இங்கே இப்போது குழந்தைகளை அழைத்து வர வேண்டாம். காலை வண்டியில் ஏறினால் பகல் வெளிச்சத்தில் வந்து இறங்குவாய். அந்த நேரம்தான் கொசு கடிக்கிற நேரம். தையல்காரர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வா. கை கொஞ்சம் நீளம்தான், மடித்துவிடாதே. மணிக்கட்டுவரை மூடியிருக்கட்டும்.

நான் எங்கே இருந்தாலும் அந்தச் சட்டையை வைத்து உன்னைத் தெரிந்துகொள்வேன்.

உன் அப்பா.